உறைகுளிரில் ஆறும் கால்வாயும்: குளிர்காலப் படகுப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

கோடையில் படகில் போகிறவர் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் கடக்கலாம் என்று கணக்கிட்டுத் திட்டம் போடுகிறார். குளிர்காலத்தில் அந்தக் கணக்கு உதவாது. இரவில் உறைந்த நீர் காலையில் படகை நகர விடாமல் பிடித்துக்கொள்ளலாம். எங்கோ மேற்பகுதியில் பெய்த மழை ஆற்றின் மட்டத்தை உயர்த்தி, பாலத்தின் அடியில் நுழைய இடமில்லாமல் செய்துவிடலாம். ஆகவே புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இன்று மாலை கட்டப்போகும் இடத்தில் ஒரு வாரம் அசைய முடியாமல் போனால், வெப்பத்துக்கும் குடிநீருக்கும் குறைவின்றி இந்தப் படகில் இருக்க முடியுமா? எரிபொருள், பேட்டரி, வழித்தேர்வு என்று கீழே வருபவை எல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டியவை.

வழி திறந்திருக்கிறதா

முதலில் நீர்வழியே திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாயும் கனடாவின் ரீடோ கால்வாயும் பொதுவாக மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் படகுகளுக்குத் திறந்திருக்கும். ரீடோவின் ஒட்டாவா நகரப் பகுதியில் குளிர்காலத்தில் மக்கள் பனிச்சறுக்குக் காலணியோடு இறங்குகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவை ஆண்டு முழுதும் திறந்திருந்தாலும், லாக் (படகை ஏற்றி இறக்க, இரு கதவுகளுக்கு இடையே நீர்மட்டத்தை மாற்றும் தொட்டி) ஒன்றின் கதவுகளை மாற்றுவது போன்ற பெரிய பழுதுபார்ப்புகளை நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் செய்கிறார்கள். ஒரே ஒரு லாக் மூடப்பட்டாலும் அதற்கு அப்பால் போன படகு வாரக்கணக்கில் அப்பால்தான் நிற்க வேண்டும். ஆகவே நிர்வாகம் முன்கூட்டியே வெளியிடும் மூடல் அட்டவணையை வரைபடத்தின் மேல் குறித்துக்கொண்டு, அதன்பின் தேதிகளை முடிவு செய்வது நல்லது.

ஆறா, கால்வாயா என்ற தேர்வு இருந்தால், அதை வானிலையைப் பார்த்துச் செய்ய வேண்டும். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. மேற்பரப்பு நீர் குளிரக் குளிரக் கனத்து அடியில் இறங்குகிறது. முழு ஆழமும் 4 டிகிரிக்கு வந்தபின், மேல்மட்டம் மட்டும் மேலும் குளிர்ந்து உறையத் தொடங்குகிறது. ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத கால்வாய் சில தெளிந்த இரவுகளிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். ஓடும் ஆறோ தன்னைத்தானே கலக்கிக்கொண்டே இருப்பதால் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். மழையில் நிலைமை தலைகீழாகும்: கால்வாயின் மட்டம் பெரிதாக மாறாது, ஆறு ஒரே இரவில் பழுப்பு வெள்ளமாகிவிடும். எனவே உறைபனி வருமென்றால் ஆற்றிலும், கனமழை வருமென்றால் கால்வாயிலும் இருக்கப் பார்க்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து வருமென்றால் கட்டிய இடத்திலேயே இருப்பதுதான் அறிவுடைமை.

பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள படலத்தை இரும்புப் படகு எளிதாகக் கடக்கும். கடக்கும்போது நீர்மட்டக் கோட்டில் பூசியிருக்கும் கரிப்பூச்சைச் சுரண்டிவிடும். மரப்படகையும் கண்ணாடியிழைப் படகையும் பனிக்கட்டியின் விளிம்பு அறுத்தே விடும். உங்கள் படகு இரும்பாகவே இருந்தாலும், நீங்கள் தள்ளிவிடும் பனிப்பாளங்கள் கரையோரம் கட்டியிருக்கும் அடுத்தவரின் கண்ணாடியிழைப் படகில் போய் மோதும் என்பதை மறக்கலாகாது. குதிரைகள் படகிழுத்த காலத்தில் இங்கிலாந்துக் கால்வாய்களில் இதற்கெனத் தனிப் படகுகள் இருந்தன: நடுவே நீளவாக்கில் பொருத்திய கம்பியைப் பிடித்தபடி ஆட்கள் வரிசையாக நின்று படகைப் பக்கவாட்டில் ஆட்ட, பல குதிரைகள் சேர்ந்து இழுக்கும். அத்தனை ஆயத்தமிருந்தும் 1962–63 குளிர்காலத்தில் அந்தக் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, சரக்குப் படகுகள் நின்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டன. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த அந்தச் சரக்குப் போக்குவரத்து அதன்பின் மீளவில்லை. விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி பிடித்திருந்தால் இன்றைய உல்லாசப் படகு புறப்படாமல் இருப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

வெப்பமும் காற்றும்

படகுக்குள் வெப்பம் தருவது பெரும்பாலும் விறகோ நிலக்கரியோ எரியும் இரும்படுப்பு அல்லது டீசலில் இயங்கும் வெப்பமூட்டி. இரண்டில் ஒன்றை மட்டும் நம்பிப் புறப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டீசல் வெப்பமூட்டிக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அதுவும் நிற்கும். இரும்படுப்புக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் ஈரமில்லாத எரிபொருளும் சுத்தமான புகைபோக்கியும் வேண்டும். ஈர விறகு வெப்பத்தைவிடப் புகையையும் தாரையுமே அதிகம் தரும். அந்தத் தார் புகைபோக்கியின் உட்புறத்தில் படிந்து வழியை அடைத்துக்கொண்டே வரும்.

குளிர்காலப் படகில் சத்தமின்றிக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், களைப்பு என்று சாதாரண சளிக்காய்ச்சல் போலத் தொடங்குவதால், பாதிக்கப்பட்டவர் காற்றுக்கு வெளியே போகாமல் படுத்து ஓய்வெடுக்கவே நினைப்பார். எரிவது எதுவாக இருந்தாலும், அது காற்று குறைந்து அரைகுறையாக எரியும்போது இந்த வாயு உண்டாகிறது. குளிர் தாங்காமல் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பது, சமையல் அடுப்பை ஏற்றி வைத்து அறையைச் சூடாக்குவது, அணைந்துவிட்டதென நினைத்துக் கரி அடுப்பையோ சாம்பல் வாளியையோ உள்ளே கொண்டுவருவது ஆகிய மூன்றையும் ஒருபோதும் செய்யக் கூடாது. சாம்பல் குளிர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே கனல் மணிக்கணக்கில் இருக்கும். படகைச் சுற்றித் தார்ப்பாய் மூடி ஜெனரேட்டரையோ எஞ்சினையோ ஓடவிடுவதும் ஆபத்தானது. அருகில் கட்டிய படகின் புகைகூட உங்கள் அறைக்குள் வரலாம். படகுகளுக்கென உள்ள ஈஎன் 50291-2 தரத்துக்கு ஏற்ற எச்சரிக்கைக் கருவியைப் படுக்குமிடத்திலும் அடுப்பு இருக்குமிடத்திலும் பொருத்திச் சோதனைப் பொத்தானை அடிக்கடி அழுத்திப் பார்க்க வேண்டும்.

காற்றுத் துளைகளைத் திறந்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. மூச்சிலும் சமையலிலும் மேலும் ஈரம் சேர்கிறது. அது குளிர்ந்த சன்னலிலும் மெத்தையின் அடியிலும் நீராகப் படிந்து பூஞ்சைக்கு இடமளிக்கிறது. அறையை ஒரேயடியாகச் சூடாக்கி மூடி வைப்பதைவிட, மிதமான வெப்பத்தைத் தொடர்ந்து வைத்துக் காற்றை நகரவிடுவதே படகை உலர்வாக வைத்திருக்கும்.

சமையல் எரிவாயுவில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பியூட்டேன் ஏறத்தாழ சுழியம் டிகிரியில்தான் கொதித்து ஆவியாகிறது. அதற்குக் கீழே உருளையில் திரவமாகவே கிடக்கும். உருளையை ஆட்டிப் பார்த்தால் நிறைய இருப்பதுபோல் தெரியும், ஆனால் அடுப்பு எரியாது. புரொப்பேனின் கொதிநிலை –42 டிகிரி. குளிர்காலம் தொடங்குமுன் புரொப்பேன் உருளைக்கு மாறிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எஞ்சின், டீசல், பேட்டரி, தண்ணீர்

எஞ்சினின் மூடிய குளிரூட்டும் சுற்றில் தண்ணீரும் உறைதடுப்புத் திரவமும் சரிபாதியாக இருந்தால் –35 டிகிரியையொட்டிய குளிர்வரை தாங்கும். ஆற்றுநீரை நேரடியாக உறிஞ்சிக் குளிரும் எஞ்சினாக இருந்தால், ஒவ்வொரு உறைபனி இரவுக்கு முன்பும் நீரை வடித்துவிட வேண்டும்; உள்ளே உறையும் நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். ஓடும்போதும் இந்த வகை எஞ்சினுக்கு ஓர் ஆபத்து உண்டு: நொறுங்கிய பனிக்கட்டிக் கூழ் நீர் உறிஞ்சும் வாயின் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். உறைந்த நீரில் போக நேர்ந்தால் வெப்பமானியிலும், புகைக்குழாயோடு வெளிவரும் குளிரூட்டும் நீரிலும் ஒரு கண் இருக்கட்டும். எத்திலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்புத் திரவம் நஞ்சு என்பதால் அதைக் குடிநீர்க் குழாய்களில் ஊற்றவே கூடாது.

கோடையில் நிரப்பிய டீசலைக் குளிர்காலம்வரை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் சில நிமிடம் ஓடி, பின் மூச்சுத் திணறி நின்றுவிடும். குளிர் நாடுகளில் குளிர்காலத்துக்கெனக் கலந்த டீசலைத்தான் அந்தப் பருவத்தில் விற்கிறார்கள். பழையது குறைந்தபின் அதை நிரப்பி, தொட்டியை இயன்றவரை முழுதாகவே வைத்திருக்க வேண்டும். பாதித் தொட்டியின் வெற்றிடத்திலுள்ள காற்று குளிர்ந்து, சுவரில் நீராகப் படிந்து டீசலுக்குள் இறங்கும். அந்த நீரில் நுண்ணுயிர்கள் பெருகிக் கசடாகும்.

ஈய அமில பேட்டரி சுழியம் டிகிரியில் தன் கொள்திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. அதே நேரத்தில் இரவு நீள்வதால் விளக்குக்கும் வெப்பமூட்டிக்கும் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சூரியன் தாழ்வாகச் செல்வதால் சூரியத் தகடும் பெயருக்குத்தான் வேலை செய்யும். முற்றிலும் தீர்ந்த ஈய அமில பேட்டரி –10 டிகிரியை எட்டுமுன்பே உறைந்து வெடிப்பு காணலாம். முழு மின்னேற்றத்தில் இருப்பது எந்தச் சாதாரணக் குளிருக்கும் உறையாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வைத்திருப்பவர்கள், அது சுழியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மின்னேற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் உண்டாகும். அதைத் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி தங்கள் பேட்டரியில் உள்ளதா என்பதை வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.

கரையிலுள்ள தண்ணீர்க் குழாய்கள் உறைபனியில் வேலை செய்யாது. ஆகவே குழாய் கிடைத்த இடத்தில் எல்லாம், பாதித் தொட்டி இருந்தாலும், நிரப்பிக்கொள்ள வேண்டும். இரவில் நீரேற்றும் பம்பை அணைத்துவிட்டு ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுவித்தால், எங்கேனும் குழாய் வெடித்தாலும் தொட்டி முழுதும் படகுக்குள் கொட்டாது. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் நிலையங்களும் உறைவதால், அதையும் நிரம்பும்வரை தள்ளிப்போடக் கூடாது.

பயணிக்கும் பகல்

வடக்கே 52 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் இறுதியில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. 60 டிகிரியில் ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதில் காலைப் பனி கரையவும் மாலை இருட்டுமுன் கட்டவும் நேரம் ஒதுக்கினால், ஓட்டுவதற்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரமே மிஞ்சும். கோடைத் தூரத்தில் பாதிக்கு மேல் திட்டமிடாமல் இருப்பதே நல்லது. மூடுபனி இறங்கினால் பெரிய ஆறுகளில் சரக்குக் கப்பல்கள் ரேடாரை நம்பித் தொடர்ந்து ஓடும் என்பதால், ரேடார் இல்லாத சிறு படகு கப்பல் தடத்தை விட்டு விலகிக் கரையோரம் கட்டிவிட வேண்டும்.

சுக்கான் பிடிப்பவர் அசையாமல் நிற்கிறார். அதுதான் அவருடைய பிரச்சினை. காற்றில்லாத சுழியம் டிகிரி தாங்கக்கூடியது. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் அதே குளிரைத் தோல் –6 டிகிரிபோல் உணரும். உடலையொட்டிப் பருத்தி அணியக் கூடாது, அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரச் செய்யும். கம்பளி அல்லது செயற்கையிழை உள்ளாடை, அதன்மேல் காற்றை அடக்கிவைக்கும் ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத சட்டை என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும். கையுறை ஈரமாவது உறுதி என்பதால் மூன்று இணைகளாவது வைத்துக்கொண்டு, ஒன்றை அணிந்திருக்கும்போது மற்றொன்றை அடுப்பருகே உலர்த்தலாம். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வது எல்லா உடுப்பையும்விடப் பயன் தரும். உடலைச் சூடாக்கவென்று மது அருந்துவது தவறு. அது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, உடலின் உள்வெப்பத்தை வெளியே விரயமாக்குகிறது.

இலையுதிர்காலத்து இலைகள் குளிர்காலத் தொடக்கத்தில் கால்வாயின் அடியில் ஊறிக் கிடக்கும். அவை புரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டால் வேகம் குறையும், எஞ்சின் உறுமும். சற்றுநேரம் பின்னோக்கி இயக்கினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கயிறோ துணியோ சிக்கியிருந்தால் எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும். புரொப்பெல்லரை எட்டுவதற்கான பின்புறத் திறப்பின் மூடியைத் திறந்து எடுத்திருந்தால், அதைச் சரியாக இறுக்கி மூடிய பின்பே கிளப்ப வேண்டும். தளர்ந்த மூடி வழியே நீர் புகுந்து மூழ்கிய படகுகள் உண்டு.

லாக்குகளில்தான் குளிர்கால விபத்துக்கு வாய்ப்பு அதிகம். கல் விளிம்பு, கதவின்மேல் நடக்கும் பலகை, இரும்பு ஏணி ஆகிய மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். படகிலிருந்து கரைக்குத் தாவக் கூடாது. படகு கரையைத் தொட்டபின் காலெடுத்து வைக்க வேண்டும். ஒரு சிறு பையில் மணலோ உப்போ வைத்திருந்து கால் வைக்கும் இடத்தில் தூவினால் பெரிதும் உதவும். முன்னால் தள்ளிக்கொண்டு வந்த பனிப்பாளங்கள் கதவின் பின்னால் சேர்ந்து அதை முழுதும் திறக்க விடாமல் செய்யும். அவ்வாறானால் படகால் கதவை இடித்துத் திறக்க முயலாமல், நீண்ட கழியால் பாளங்களை விலக்கிவிட்டே நுழைய வேண்டும். நனைந்த கயிறு உறைந்தால் கம்பிபோல் விறைத்து முடிச்சில் நிற்காது என்பதால், நாள் முடிவில் கயிறுகளை உள்ளே கொண்டுபோய் உலர்த்துவது வீண் வேலையன்று.

நீரில் விழுந்தால்

15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழும் எவருக்கும் முதல் நிமிடத்தில் மூச்சு தன்னிச்சையாக இழுத்து வாங்கும். அந்த மூச்சு நீருக்கடியில் நேர்ந்தால் அதுவே முடிவு. நல்ல நீச்சல்காரரும் விதிவிலக்கல்ல. குளிர்நீர் ஆபத்தை ஆராய்ந்த கனடிய உடலியலாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் வழியே பரவலான கணக்கு 1–10–1 என்பது: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கும் காலம் பத்து நிமிடம், குளிரால் நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். உறையும் நீரில் கொல்வது பெரும்பாலும் முதல் இரண்டு கட்டங்கள்தான். ஆகவே மேல்தளத்தில் இருக்கும்போதெல்லாம், கரையில் லாக்கைத் திறக்கப் போகும்போதும், லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும். கனத்த உடைக்கு மேல் அணிவதால், கால்களுக்கு இடையே செல்லும் பட்டையையும் மாட்டினால்தான் அது மேலே வழுகிப் போகாது.

ஒருவர் விழுந்தால் முதலில் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து புரொப்பெல்லரை நிறுத்துங்கள். பின்னால் குதிக்காதீர்கள்; எறிகயிறோ கழியோ நீட்டுங்கள். விழுந்தவர் முதல் நிமிடம் நீந்த முயலாமல் மிதந்தபடி மூச்சு நிதானமாகும்வரை காத்திருந்து, அதன்பின் கிடைக்கும் பத்து நிமிடத்துக்குள் ஏணியை அடைய வேண்டும். ஏணி மேல்தளத்தில் கட்டிக் கிடக்கக் கூடாது, நீரில் இருப்பவர் தானே இழுத்து இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விழுந்தவரை முடிந்தவரை கிடைமட்டமாகவே தூக்கி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் மார்பையும் முதுகையும் போர்த்தி, படுத்தபடியே வைத்திருங்கள். கைகால்களைத் தேய்ப்பதும் உடனே வெந்நீரில் இறக்குவதும் கேடு. நடுக்கம் நின்று பேச்சு குழறினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள்; உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். அழைக்கும்போது இடத்தைச் சொல்லத் தோதாக, அருகிலுள்ள பாலத்தின் அல்லது லாக்கின் எண்ணை ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஒரு தாளில் எழுதி மாட்டிவைப்பது நல்ல வழக்கம்.

கட்டுமிடமும் பனி உருகும் நாட்களும்

ஆற்றில் கட்டும்போது மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைத் துறை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. நிலையான கரையாக இருந்தால், மட்டம் உயர்ந்தால் படகைச் சாய்த்து இழுக்காதபடியும், தாழ்ந்தால் கரைமேல் தொங்கவிடாதபடியும், நீண்ட கயிறுகளைச் சாய்வாகக் கட்ட வேண்டும். தடுப்பணைக்கு மேற்புறம் அருகில் ஒருபோதும் கட்டக் கூடாது. கயிறு அறுந்தால் எஞ்சினைக் கிளப்ப நேரமிருக்காது. கால்வாயில், சாலைக்கு அருகே, நடந்து போய்ச் சேரும் தூரத்தில் கடை இருக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள். படகு உறைந்து நின்றாலும் நீங்கள் நகர முடியும். சுற்றிலும் பனிக்கட்டி பிடித்திருக்கும்போது அதன்மேல் இறங்கி நடக்க வேண்டாம். பாலத்தின் அடியிலும், ஓடை கலக்கும் இடத்திலும், படகின் வெப்பம் படும் பக்கத்திலும் அது மெலிந்திருக்கும்.

வெயில் வந்து பனிக்கட்டி உடையத் தொடங்கியதும் எல்லோருக்கும் புறப்படும் அவசரம் வரும். குழாய்களில் உறைந்து வெடித்த இடங்கள் அப்போதுதான் கசியத் தொடங்கும் என்பதால், முதலில் பம்பைப் போட்டு இணைப்பு ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். படகின் அடித்தளத்தில் நீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கால்வாயில் அடுத்த நாளே நகரலாம். ஆற்றில் அப்படியல்ல: மேற்பகுதியின் வெண்பனி உருகி வரும் நீர் பல நாட்கள் கழித்தும் கீழே வந்து சேரும், அதோடு மரக்கிளைகளும் பனிப்பாளங்களும் வரும். கரையிலுள்ள அளவுகோலில் மட்டம் இறங்கத் தொடங்கி, வலுவான நீரோட்ட எச்சரிக்கைப் பலகையை நிர்வாகம் மாற்றிய பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும்.